முப்பத்தேழாவது கிலோமீட்டர்

வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்
பிறர் ரத்தத்தை எண்ணுகிறேன்.
ஆறாம் நாள் என் ரத்தம்
காதுக்குள் இரைவதைக் கேட்கிறேன்.
ஸ்மோல்யானின் கடைசி பேக்கரி தாண்டியதும்
சாலை நிமிர்ந்துகொள்ளும்.
பிறகு நாலு மணி நேரம்
எவரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

முதுகுப் பையில் பாதி பனீட்சா, தாளில் எண்ணெய் ஊறி.
குறுக்கே தொங்கும் கேமரா
ஏற்றத்தில் விலாவை இடித்துக்கொண்டே வரும்.
மூச்சு முட்டும்போது அதுதான் சாக்கு:
"படம் எடுக்க இறங்கினேன்."
என் நல்ல படங்களில் பாதி
கால் கெஞ்சிய இடங்கள்.

முப்பத்தேழாவது கிலோமீட்டரில் ஒரு குழி.
வருஷத்துக்கு இரண்டு முறை அதை அடைப்பார் ஸ்டாமென்.
ஆரஞ்சு லாரி, புகையும் தார், ஒரே ஒரு மண்வெட்டி.
"உன் சக்கரத்துக்காக இல்லை,
பால் வண்டிக்காக" என்பார்.
பனி உருகும் மார்ச்சில் குழி மறுபடி வாய் திறக்கும்.
"நானும் விடவில்லை, அதுவும் விடவில்லை.
எனக்கு இரண்டாவது கல்யாணம் இது."

ஓர் அக்டோபரில்
படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.
தலையை இடவலமாக ஆட்டினார்.
எங்கள் நாட்டில் அதற்குச் சரி என்று பொருள்.
தொப்பியைக் கழற்றினார், போட்டார்,
திரும்பவும் கழற்றினார்.
மண்வெட்டியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்தார்.
நான் பார்த்துக்கொண்டிருந்ததோ
அவருக்குப் பின்னால்:
பீச் மரங்கள் செம்பாய்ப் பழுத்த சரிவு,
அதற்கும் கீழே
வழி தவறிய ஒற்றை மேகம்.
அவரை ஓரத்தில் நிறுத்தினேன்.
மலை எவ்வளவு பெரிது என்று காட்ட
ஓர் ஆள் தேவைப்பட்டது,
அவ்வளவுதான்.
பிரதி ஒன்றைத் தபாலில் அனுப்பினேன்.
நல்ல படம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போவதில்லை.

ஏப்ரலில்
பேருந்து நிறுத்தக் கண்ணாடியில்
கறுப்புக் கரையிட்ட தாள்.
வயது ஐம்பத்தெட்டு. மறைந்து நாற்பது நாள்.
மேலே ஒரு முகம்.
என் படம்.

மலையை வெட்டி எறிந்திருந்தார்கள்.
மேகம் இல்லை, சரிவு இல்லை.
காதோரம் மட்டும்
செம்பு நிறத்தில் ஒரு கீற்று,
என்னவென்று எனக்கு மட்டும் தெரிந்தது.
பெரிதாக்கியதில் புள்ளி புள்ளியாகச் சிதறிய அந்த முகத்தில்
புருவத்தின் மேல் ஒரு பொட்டுத் தார்.
எடுத்தவன் நான்.
அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஆறு மாதத் தாளிலும் அதே முகம்.
வருஷத் தாளிலும்.
பழையதைக் கிழிக்காமல் அதன் மேலேயே ஒட்டுகிறார்கள்.
ஒவ்வொரு சனிக்கிழமையும்
கியரைக் குறைத்து அதைக் கடக்கிறேன்.
வெயில் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக
நீலமாக்கிக்கொண்டிருக்கிறது.

அவர் மனைவி வெலீகா கேட்டார்:
"வேறு படம் இருக்கிறதா?
கல்லறைக் கல்லுக்கு. இதில் அவர் விறைத்துப்போய் நிற்கிறார்."
அன்றைக்கு எடுத்தவை பன்னிரண்டு.
பதினொன்றில் மலை துல்லியம்.
பன்னிரண்டாவது
கேமராவை உறையில் வைக்கும்போது
விரல் பட்டுத் தானாக விழுந்தது:
சாய்ந்த சாலை, என் முன்சக்கரத்தில் கால்வாசி,
எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து
தாரைத் தட்டிச் சமன்செய்யும் ஒருவர்.
கழிக்க வேண்டியது. ஏனோ கழிக்கவில்லை.

"இதுதான்" என்றார் வெலீகா.
"முகம் தெரியவில்லையே" என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
பொரித்த மிளகாயும் ரொட்டியும் என் பக்கம் நகர்த்தினார்.
என் கையிலிருந்த சங்கிலி மசியைப் பார்த்துவிட்டு
ஒரு பழந்துணியும் கொடுத்தார்.

புதிதாக யாரையும் போடவில்லை சாலைத் துறை.
குழி இப்போது முழங்கை ஆழம்.
பால் வண்டி எதிர்த்தடத்தில் ஏறிப் போகிறது.
நான் இறங்கி,
மூச்சு வாங்காதபோதும் இறங்கி,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
ஓரமாக நடக்கிறேன்.